சைடுகார் புல்லட் ஒரு பக்கமா இழுக்குதா? சிக்கல் இன்ஜினில் இல்லை!

செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசலில் தேக்குத் தூண், பின்வாசல் பக்கம் வண்டி ஷெட். படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற அப்படியொரு ஷெட்டில் சைடுகார் மாட்டிய பழைய புல்லட் ஒன்று நின்றால், பலருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: "இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துடலாம்!"

கார்புரேட்டரைக் கழுவி, பிளக் மாற்றி, பெட்ரோல் ஊற்றினால் இன்ஜின் பெரும்பாலும் உயிர் பெற்றுவிடும். தலைவலி தெருவில் இறங்கியதும்தான் ஆரம்பிக்கும். ஆக்சிலரேட்டர் கொடுத்தால் வண்டி இடது பக்கம் போகும். பிரேக் பிடித்தால் வலது பக்கம் திரும்பும். மெதுவாகப் போகும்போது ஹேண்டில் தலையாட்டும், கொஞ்ச தூரத்திலேயே கிளட்ச் வாடை அடிக்கும். இத்தனைக்கும் காரணம் என்ன? எதைச் சரிசெய்ய வேண்டும்?

சைடுகார் புல்லட் ஏன் அபூர்வமானது?

இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. சென்னை திருவொற்றியூரில் உருவான 346 சி.சி. புல்லட், தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்ட பிறகும் நிற்கவில்லை. அதனால்தான் பழைய புல்லட்டுக்கு இன்றும் ஸ்பேர் கிடைக்கிறது.

சைடுகாரின் கதை வேறு. கார் வாங்க முடியாத காலத்தில் குடும்பமாகப் போக அதுதான் வழி. 'ஷோலே' (1975) படத்தில் ஜெய்யும் வீருவும் பாடிக்கொண்டு போனதும் சைடுகார் பைக்கில்தான். சிறிய கார்கள் எட்டும் விலைக்கு வந்ததும் அதற்கான தேவை போய்விட்டது. சைடுகாரின் ஆக்சில், புஷ், கிளாம்ப் போன்றவை இன்று கடையில் ரெடிமேடாகக் கிடைப்பது அரிது. லேத்தில் கடைந்துதான் ஆக வேண்டும்.

வண்டி ஏன் இழுக்குது?

சைடுகார் மாட்டிய பைக், 'பைக் ப்ளஸ் ஒரு பெட்டி' கிடையாது. இரண்டு சக்கர வண்டி வளைவில் சாயும், சைடுகார் வண்டியால் சாய முடியாது. இன்ஜினும் பிரேக்கும் ஒரு பக்கம், பாரம் இன்னொரு பக்கம்.

நம்மூரில் சைடுகார் இடது பக்கம் இருக்கும். ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பைக் முன்னே பாயும், சைடுகார் பின்தங்கும். எனவே வண்டி இடது பக்கம் திரும்பப் பார்க்கும். பிரேக் பிடித்தால் இதற்கு நேர் எதிர். பைக் நிற்கப் பார்க்கும், சைடுகாரின் எடை முன்னே தள்ளும், வண்டி வலது பக்கம் திரும்பும். வலது பக்கம் என்றால் எதிரே பஸ் வருகிற பக்கம்! சைடுகார் சக்கரத்துக்குத் தனி பிரேக் இல்லாத வண்டிகளில் இது இன்னும் கூடுதலாகத் தெரியும்.

ஓரளவு இழுப்பு இந்த வண்டியின் இயல்பு. ஆனால், ஒரே வேகத்தில் நேர் ரோட்டில் போகும்போதும் ஹேண்டிலை மல்லுக்கட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால், அளவு தப்பியிருக்கிறது என்று அர்த்தம்.

மூன்று அளவுகள்தான் எல்லாமே

முதலாவது, 'டோ-இன்'. சைடுகார் சக்கரம் பைக்குக்கு முழுக்க இணையாக இருக்கக் கூடாது, முன்பக்கம் லேசாக உள்நோக்கி இருக்க வேண்டும். பைக்கின் இரண்டு டயரையும் தொடும்படி ஒரு நேரான அலுமினிய சேனல், சைடுகார் டயரைத் தொடும்படி இன்னொன்று. இரண்டுக்கும் இடையிலான தூரத்தை முன் சக்கரத்திடமும் பின் சக்கரத்திடமும் அளந்தால், முன்னால் சுமார் 10 முதல் 20 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, 'லீன்-அவுட்'. பைக் நேராக நிற்காமல் சைடுகாருக்கு எதிர்ப்பக்கம், அதாவது வலதுபுறம், 1 முதல் 2 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். நம் ரோடுகள் மழைநீர் வடிய ஓரம் நோக்கிச் சரிந்திருப்பதால் வண்டி தானாகவே இடது பக்கம் இறங்கும். அதை ஈடுகட்டத்தான் இந்தச் சாய்வு. இதை அளக்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். 1 மீட்டர் உயரத்துக்கு 17 மி.மீ. விலகினால் அது 1 டிகிரி.

மூன்றாவது, 'லீட்'. சைடுகார் சக்கரத்தின் ஆக்சில், பைக்கின் பின் ஆக்சிலுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். ரொம்பப் பின்னால் போனால் வளைவில் வண்டி கவிழப் பார்க்கும். ரொம்ப முன்னால் வந்தால் ஹேண்டில் கனக்கும்.

சமதளமான தரையில், டயர்களில் சரியான காற்றோடு, வழக்கமான பாரத்தை ஏற்றிவைத்து அளப்பது முக்கியம். காலி வண்டியில் எடுத்த அளவு, ஆள் உட்கார்ந்ததும் மாறிவிடும்.

ஹேண்டில் ஏன் தலையாட்டுது?

ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது சின்னச் சக்கரம் படபடவென்று ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே விஷயம்தான் இங்கேயும். ஸ்டியரிங் தண்டின் கோட்டைத் தரை வரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் விழும். இந்த இடைவெளிக்குப் பெயர் 'டிரெயில்'. இரண்டு சக்கர பைக்கை நேராக ஓட வைப்பது இதுதான். சைடுகார் மாட்டிய பிறகோ இதே டிரெயில் ஹேண்டிலைக் கனமாக்கும். அதனால்தான் அந்தக் காலத்து பிரிட்டிஷ் கம்பெனிகள் சில, சைடுகாருக்கென டிரெயில் குறைந்த ஃபோர்க் பாகங்களைத் தனியாக விற்றன. டிரெயில் குறைந்தால் ஹேண்டில் லேசாகும், ஆனால் குறைந்த வேகத்தில் ஆட்டம் கூடும். அந்த ஆட்டத்தை அடக்கத்தான் ஸ்டியரிங் டேம்பர்.

டேம்பரை இறுக்குவதற்கு முன் பார்க்க வேண்டியது கோன் செட். பழைய புல்லட்டில் ஸ்டியரிங் தண்டு தனித்தனி பால்ஸ் மீது சுழலும். ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் கிரீஸ் காய்ந்து, பால்ஸ் ரேஸில் குழி விழுந்திருக்கும். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பினால், நடுவில் 'டக்' என்று ஓரிடத்தில் உட்காரும். அப்படியானால் இறுக்கிப் பயனில்லை, செட்டாக மாற்ற வேண்டும்.

ஸ்போக்குகளையும் விட்டுவிடக் கூடாது. பைக் வளைவில் சாயும்போது பாரம் சக்கரத்தின் நேர்க்கோட்டில் இறங்கும். சாய முடியாத வண்டியில் அதே பாரம் பக்கவாட்டில் ரிம்மைத் தள்ளும். ஸ்போக் உடைவது, வீல் பேரிங் ஆடுவது, ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்வது எல்லாம் இதனால்தான்.

கிளட்ச் கருகுவதற்கும் அளவுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம் இருக்கிறது. டோ-இன் 15 மி.மீ.க்குப் பதில் 50 மி.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். புல்லட்டின் சக்கர இடைவெளி சுமார் 1.37 மீட்டர். கணக்குப் போட்டால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் சுமார் 36 மீட்டர் பக்கவாட்டில் இழுபட வேண்டியிருக்கும். காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குச் சுமார் 20 கி.மீ. போவதற்குள் 700 மீட்டர்! பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே ஓட்டுவது மாதிரிதான் இது. இன்ஜின் சூடாகும், கிளட்ச் வழுக்கும், டயர் ஒரு பக்கம் மட்டும் தேயும். கிளட்ச் பிளேட் மாற்றியும் வாடை போகவில்லை என்றால் அளவு டேப்பைக் கையில் எடுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. புல்லட்டில் செயினை இறுக்க, பின் ஆக்சிலின் இரு பக்கமும் நத்தை வடிவ கேம் இருக்கும். இரண்டையும் ஒரே பல்லில் வைக்காவிட்டால் பின் சக்கரம் கோணலாகிவிடும். அதோடு சைடுகார் அளவும் போச்சு. செயினில் கை வைத்தால் ஸ்டியரிங்கிலும் கை வைத்ததாகத்தான் அர்த்தம். இந்த வண்டியில் இரண்டும் தனித்தனி வேலைகள் இல்லை.

அடுத்தது கியர் விகிதம். சைடுகாரும் அதில் ஒரு ஆளும் சேர்ந்தால் அதே இன்ஜின் கூடுதல் பாரம் இழுக்க வேண்டும். கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டில் பல்லைக் குறைப்பதுதான் வழக்கமான தீர்வு. 17 பல்லுக்குப் பதில் 15 பல் போட்டால் பின் சக்கரத்தில் இழுவை 13 சதவீதம் கூடும், அதே இன்ஜின் சுழற்சியில் வேகம் 12 சதவீதம் குறையும். பழைய புல்லட்டில் இதை மாற்ற பிரைமரி செயின் கேஸையும் கிளட்ச்சையும் கழற்ற வேண்டும். எனவே கிளட்ச் வேலை நடக்கும்போதே முடித்துவிடுவது லாபம். பின் ஹப்பில் உள்ள கஷ் ரப்பர்களையும் மாற்றிவிடுங்கள். அவை நைந்தால், கியர் போடும்போதெல்லாம் செயின் உதறும்.

எந்த வரிசையில் வேலை பார்ப்பது?

1. சைடுகாரைக் கழற்றி, கிளாம்ப், வெல்டிங், ஃப்ரேமில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது.
2. ஸ்போக், வீல் பேரிங், ஸ்விங் ஆர்ம் புஷ்.
3. கோன் செட், ஃபோர்க்.
4. கிளட்ச், ஸ்ப்ராக்கெட், செயின், பிரேக்.
5. கடைசியாக சைடுகாரை மாட்டி மூன்று அளவுகளையும் வைப்பது.

அளவு ஏன் கடைசியில்? மேலே உள்ள ஒவ்வொரு வேலையும் அளவை மாற்றிவிடும். முதலில் அளவு வைத்தால் இரண்டு தடவை கூலி.

சட்டம் என்ன சொல்லுது?

இங்கே ஒரு சுவாரசியம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(27)-ன்படி, கழற்றக்கூடிய சைடுகார் மாட்டியிருந்தாலும் அது 'மோட்டார் சைக்கிள்'தான். மூன்று சக்கரம் இருந்தும் சட்டத்தின் கண்ணில் டூ-வீலர்! ஒரு பைக்கை நிரந்தரமாக வேறு வண்டியாக மாற்றுவது அப்படி இல்லை. பழைய ஹார்லி டேவிட்சன்களை வைத்து டெல்லியில் ஓடிய 'பட்பட்டி', புல்லட்டின் முன்பாதியோடு குஜராத்தில் ஓடும் 'சக்கடா', சென்னையின் மோட்டார் மீன்பாடி வண்டி எல்லாம் அந்த ரகம். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது பிரிவு 52. எனவே புதிதாக சைடுகார் மாட்டுபவர்கள் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

பழைய ஆர்.சி.யைத் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: சிவகங்கை மாவட்டம் உருவானது 1985-ல்தான். அதற்கு முந்தைய காரைக்குடி வண்டிகள் ராமநாதபுரம் மாவட்டப் பதிவில் இருக்க வாய்ப்பு அதிகம்.

50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு 'விண்டேஜ்' பதிவைக் கொண்டுவந்தது. புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுகள் செல்லும். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். தினசரிப் பயன்பாட்டுக்கும் வாடகைக்கும் ஓட்ட முடியாது.

ஓட்டும் முன்...

புல்லட்டில் பல வருஷ அனுபவம் இருப்பவர்கள்தான் சைடுகாரில் அதிகம் தடுமாறுவார்கள். இடது வளைவில் வேகமாகப் போனால் சைடுகார் சக்கரம் தரையை விட்டுத் தூக்கும். உடம்பைச் சாய்த்துத் திருப்பிய பழக்கம் இங்கே உதவாது, காரைப் போல ஹேண்டிலைத் திருப்ப வேண்டும். எனவே முதல் சில நாட்கள் காலி மைதானம், சைடுகாரில் ஆளுக்குப் பதில் ஒரு மணல் மூட்டை, வளைவுக்கு முன்பே பிரேக். 100 கி.மீ. ஓடியதும் எல்லா கிளாம்ப் நட்டுகளையும் மறுபடி இறுக்கி, அளவுகளை இன்னொரு முறை பாருங்கள். மணல் மூட்டை இடத்தில் வீட்டு ஆட்களை உட்கார வைப்பது அதற்குப் பிறகுதான்.