தாழ்ந்து தொங்கும் பிளிம்பிங் மரம்



வீட்டு வாசலில் நிழலும் அழகும் பழமும் ஒருங்கே தரும் மரம் வேண்டுமா? பிளிம்பிங் எனும் நட்சத்திரப் பழ மரத்தை நடலாம். இதன் மெல்லிய கிளைகள் இயல்பாகவே தாழ்ந்து தொங்கும். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த சிறு பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூக்கும். இருட்டியதும் இலைகள் மடிந்து கொள்ளும். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள்.

விதையிலிருந்து வளரும் மரம் காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். பழம் புளிக்கவும் கூடும். ஆகவே ஒட்டுக்கன்றே நல்லது. பி10 என்னும் இனிப்பு இரகம் தனித்து நின்றால் சரியாகக் காய்ப்பதில்லை. அருகில் பி17 போன்ற வேறு இரகம் இருந்தால்தான் மகரந்தம் மாறிக் காய் பிடிக்கும். பக்கத்து வீட்டாருடன் பேசி, ஆளுக்கோர் இரகம் நட்டால் இரு வீட்டிற்கும் பயன்.

தண்ணீர் தேங்காத, வெயில் படும் இடத்தில் இரண்டடிக் குழி வெட்டி, மக்கிய ஆட்டெருவை மண்ணோடு கலந்து நட வேண்டும். சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளியிருக்கட்டும்.

கன்று மூன்றடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டு, நான்கு திசைக்கு நான்கு கிளைகளை மட்டும் விடுவோம். அவற்றைத் துணிக்கயிற்றால் கட்டி, தரையில் அடித்த முளையோடு இழுத்துப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். இம்மரம் எளிதில் முறியும். ஆகவே வாரத்திற்குச் சிறிது சிறிதாகவே இழுக்க வேண்டும். நேராக நிமிரும் கிளை வளர்ச்சியிலேயே சத்தைச் செலவிடும். சாய்ந்த கிளையில் அந்த வேகம் தணிந்து பூ மிகும். நுனிகளும் அழகாகத் தொங்கும். செங்குத்தாக எழும் போத்துகளை அவ்வப்போது வெட்டிவிடுவோம்.

மரம் கைக்கெட்டும் உயரத்தில் இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. பழ ஈ தோலுக்கடியில் முட்டையிட்டால் பழம் புழுத்துவிடும். காய் விரல் நீளம் இருக்கும்போதே, கொத்தில் நல்லதை மட்டும் விட்டு, காகிதப் பையால் மூடிக் காம்பில் கட்ட வேண்டும். எட்டாத காய்க்கு எப்படிப் பை கட்டுவது? பூத்த இரண்டு, இரண்டரை மாதங்களில் பழம் மஞ்சளாகும். விழுந்த பழங்களை அப்படியே விடாமல் ஆழப் புதைக்க வேண்டும். இல்லையேல் புழுக்கள் மண்ணில் கூடுகட்டி, மீண்டும் ஈயாக வரும்.

இறுதியாக மிக முக்கியமான செய்தி. சிறுநீரக நோயுள்ளவர்கள் இப்பழத்தையோ சாற்றையோ சிறிதும் உட்கொள்ளக் கூடாது. இதிலுள்ள கேரம்பாக்சின் என்ற நஞ்சை 2013ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் விளக்கினர். நலமான சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதுற்ற சிறுநீரகத்தால் இயலாது. நஞ்சு மூளையைத் தாக்கும். நில்லாத விக்கல், வாந்தி, மனக்குழப்பம், வலிப்பு என முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். விக்கல் கண்டவுடன் மருத்துவமனைக்கு விரைந்து, பழம் உண்டதைச் சொல்ல வேண்டும். நீரிழிவு நாளடைவில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே இனிப்பு நீர் உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்பே இதை உண்ணலாம். நலமானவர்களும் வெறும் வயிற்றில் சாற்றை அளவின்றிக் குடிக்கலாகாது.

அண்டை வீட்டுக்குப் பழம் கொடுத்தனுப்பும்போது, இந்தச் செய்தியையும் சேர்த்துச் சொல்லி அனுப்புவோம்.