உங்களுக்குத் தெரியுமா? அகன்ற ரிம்மும் ஆஃப்செட் அளவும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பரவலாக ஓடும் டொயோட்டா விட்ஸ் கார்களில் ஒரு வகைக்குத் தொழிற்சாலை பூட்டி அனுப்பும் டயர் 165/70 ஆர்14 ஆகும். இதில் 165 டயரின் அகலத்தை மில்லிமீற்றரிலும், 70 அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பதையும், 14 ரிம்மின் விட்டத்தை அங்குலத்திலும் குறிக்கின்றன. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடி வாங்கும் 15 அங்குல அலோய் வீலில் 185/55 டயரைப் பூட்டினால் முழு விட்டம் 587 மி.மீ.இலிருந்து 585 மி.மீ.க்கு மட்டுமே குறைவதால், வேகமானி ஏறத்தாழச் சரியாகவே காட்டும்.

சிக்கல் எழுவது பெரும்பாலும் ஆஃப்செட்டில், அதாவது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் அமரும் முகத்துக்கும் இடையிலான தூரத்தில். ஆஃப்செட் மாறாமல் ரிம் ஓர் அங்குலம் அகன்றால் உள்ளும் புறமும் தலா 12.7 மி.மீ. கூடும், ஆஃப்செட்டும் 10 மி.மீ. குறைந்துவிட்டால் வெளிப்புறத்தில் மட்டும் 22.7 மி.மீ. துருத்தும். ஆகவே ஆளில்லாத காரில் எங்கும் தொடாத டயர், பின்னிருக்கையில் மூவர் அமர்ந்து காலி வீதியின் குழியொன்றில் இறங்கும்போது மட்கார்ட் விளிம்பில் உரசித் தன் தோளையே அறுத்துக்கொள்ளக்கூடும். ரிம்மின் அழகைப் பார்க்குமுன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய எண் ஆஃப்செட்டே. ரிம்மின் நடுத்துளை விட்ஸின் 54.1 மி.மீ. ஹப்பைவிடப் பெரிதாயின், இடைவளையம் இடாமல் பூட்டும்போது சக்கரம் மையம் விலகி அமர்ந்து ஸ்டியரிங் நடுங்கவும் இடமுண்டு.