முந்திரித் தோப்புல மார்க்கர் எங்கே மச்சி?

பெயிண்ட்பால்னா சுட்டுத் தள்ளுறதுதானேன்னு நினைக்கிறீங்களா? 1981 ஜூன் 27-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் 12 பேர் ஆடிய முதல் ஆட்டத்துல ஜெயிச்சவர் ஒரு குண்டுகூட சுடலை. பதுங்கிப் பதுங்கிப் போய் கொடிகளை எடுத்துட்டு வந்துட்டார்! ஆக, மறையத் தெரிஞ்சவனுக்குத்தான் இதுல மவுசு.

உடம்பை மறைச்சாச்சு. கையில பளபளன்னு கறுப்பா நீட்டிக்கிட்டு இருக்கே, அந்த மார்க்கர்? அதுக்குத்தான் ஸ்டென்சில் வெச்சு கேமஃப்ளாஜ் பெயிண்ட். சொந்த மார்க்கர்னா மட்டும். வாடகைக்கு எடுத்ததுல கை வெச்சா ஃபைன் நிச்சயம்!

கடையில கிடைக்கிற கரும்பச்சை டிசைன் மழைக்காட்டுக்கு சரி. கம்மாபுரம், விருத்தாசலம், பண்ருட்டி பக்கத்து முந்திரித் தோப்புல அது தனியாத் தெரியும். அங்கே செம்மண், காய்ஞ்ச சருகு, மஞ்சள் கலந்த பச்சை இலை. இந்த மூணு கலர் போதும். ஸ்டென்சிலுக்கும் அலைய வேண்டாம். உருண்டை முனை முந்திரி இலையையே பழைய எக்ஸ்ரே ஃபிலிம்ல வெச்சு வரைஞ்சு பிளேடால வெட்டிடுங்க. 2022-ல் வந்த நம்ம ராணுவத்தோட டிஜிட்டல் டிசைனை மட்டும் காப்பியடிக்காதீங்க. அது ராணுவத்தின் பேர்ல பதிவான டிசைன்.

இப்போ வேலை. குண்டுகளைக் கொட்டி, கேஸ் சிலிண்டரைக் கழட்டி, உள்ளே மிச்சமிருக்கிற காற்றையும் வெளியேத்துங்க. நைஸ் உப்புத்தாளால தேய்ச்சு, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைங்க. குழல் வாய், டிரிக்கர், மரை எல்லாத்துக்கும் மாஸ்கிங் டேப். பிரைமர் காய்ஞ்சதும் வெளிறின சருகு கலரை முழுசா அடிங்க. மேலே செம்மண், கடைசியா பச்சை. ஒரு சாண் தள்ளி நின்னு, லேசா, ரெண்டு மூணு தடவையா அடிக்கணும். அவசரப்பட்டா பெயிண்ட் ஸ்டென்சிலுக்கு அடியில ஒழுகிடும். முடிவுல பளபளப்பில்லாத மேட் கோட்டிங்.

கலரைவிட முக்கியமான விஷயம், கோடு. காட்டுல நேர்க்கோடு அபூர்வம். நம்ம கண்ணு முதல்ல பிடிக்கிறதே நீளமான குழலைத்தான். அதனால இலை குழலோட ஓரத்தைத் தாண்டி மறுபக்கம் மடியுற மாதிரி விழணும். 1915-ல் பிரெஞ்சு ராணுவம் ஓவியர்களை வெச்சே ஒரு உருமறைப்புப் பிரிவு ஆரம்பிச்சதே, அவங்க பீரங்கிகளுக்கு செஞ்சதும் இதேதான்.

மிச்ச பெயிண்ட்டை முகமூடிக் கண்ணாடி மேல அடிச்சுப் பார்க்கிற ஆசை வரும். வேண்டவே வேண்டாம்! பெயிண்ட்டுல இருக்கிற தின்னர் அந்த பாலிகார்பனேட்டை அரிச்சு, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட வெச்சிடும். குண்டு நொடிக்கு 90 மீட்டர் வேகத்துல வரும்போது உங்க கண்ணுக்கு இருக்கிற ஒரே காவல் அதுதான். சிலிண்டருக்கும் பெயிண்ட் கூடாது. அதுல விழுந்த கீறல் வெளியே தெரிஞ்சாகணும்.

பஸ்ல கொண்டு போறப்போ பைக்குள்ளயே இருக்கட்டும். ஜிப்பைத் திறந்து பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட சீன் போட்டீங்கன்னா, அடுத்த ஸ்டாப் போலீஸ் ஸ்டேஷன்தான்.

ஒரு நாள் முழுக்கக் காய்ஞ்சதும் டெஸ்ட். ஃப்ரெண்டை விட்டு தோப்புல எங்கேயாவது சாய்ச்சு வைக்கச் சொல்லிட்டு, முப்பது அடி தள்ளி நின்னு கண்ணை இடுக்கிப் பாருங்க. எந்த இடம் முதல்ல கண்ணுல படுதோ, அங்கே இன்னொரு இலை!