மொட்டைமாடியை முதலில் கவனியுங்கள்

கடைசி மாடியில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும்: சித்திரை, வைகாசியில் பொழுது சாய்ந்த பிறகுதான் வீட்டுக்குள் புழுக்கம் கூடும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் இரவில் அதைக் கீழே கக்குகிறது. ஏசி போட்டால், அதுவும் விடிய விடிய அந்தத் தளத்தோடு மல்லுக்கட்டி மின்கட்டணத்தை ஏற்றிவிடுகிறது.

சூடு எந்த வழியாக வருகிறது என்று அறியக் கருவி வேண்டாம். இரவு ஒன்பது மணிக்கு மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஸ்டூலில் ஏறித் தளத்தின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பிறகு மேற்குச் சுவரில் வையுங்கள். எது அதிகம் சுடுகிறதோ அதற்குத்தான் முதல் செலவு. பெரும்பாலும் அது தளமாகத்தான் இருக்கும்.

முன்பெல்லாம் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி போட்டு, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். மழைநீர் வடியும், சூடும் தடைபடும். இன்று பல இடங்களில் மெல்லிய சிமென்ட் பூச்சோடு வேலையை முடித்துவிடுகிறார்கள். வீடு கட்டுகிறவர்கள் ஒப்பந்தத்தில் சுருக்கி பற்றிய வரியைத் தேடிப் படிக்க வேண்டும்.

சூட்டைத் தடுக்கும் அடுக்கு தளத்துக்கு மேலே இருப்பதே நல்லது. அறைக்குள் ஃபால்ஸ் சீலிங் மட்டும் போட்டால், தளம் எப்போதும்போல் காய்ந்து, விரிந்து சுருங்கி வெடிப்பு விடும். கையில் பணம் குறைவென்றால் வெள்ளைச் சுண்ணாம்பே போதும். தூசி படிந்தால் பலன் குறையும் என்பதால் கோடைக்கு முன் கழுவி, மறுபடி அடிக்க வேண்டும். வெள்ளை கூலிங் டைல்ஸ் நெடுநாள் வரும். ஆனால் வெடிப்பை அடைக்காமல், வாட்டம் பார்க்காமல் டைல்ஸ் ஒட்டினால் அடியில் தண்ணீர் தேங்கிக் கம்பி துருப்பிடிக்கும். பழைய வீடென்றால் தளம் கூடுதல் எடையைத் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது மேற்கு ஜன்னல். கண்ணாடியைத் தாண்டிய வெயில் வீட்டுக்குள் வந்துவிட்ட வெயில்தான். உள்ளே தொங்கும் திரைச்சீலையைவிட வெளியே கட்டிய மூங்கில் தட்டி அதிகம் தடுக்கும்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வெள்ளை அடிக்கலாம், ஆனால் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதும், துளையிடுவதும், உடைப்பதும் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து பறக்கும் நுண்ணிழை நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரக்கூடும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்குபவை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பெயின்ட், டைல்ஸ் விற்பவர்கள் வீடு இத்தனை டிகிரி குளிரும் என்று வாயால் சொல்வதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பொருளின் பெயர், தடிமன், எத்தனை கோட்டிங், உத்தரவாதக் காலம் எல்லாம் பில்லில் இருக்கட்டும். சொன்னபடி செய்யாவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான அடுக்குமாடி என்றால், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் நீங்கள் தெரிவிக்கும் கட்டுமானக் குறைகளை, சொன்ன 30 நாளுக்குள் கட்டுநர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதிய சுருக்கி மாடியில் இல்லையென்றால் அதையும் படமெடுத்து, எழுத்தில் கொடுத்துக் கேளுங்கள்.