கொழுப்பு சரி, புரதம் எங்கே?

ராசிபுரத்து நெய் பேர்போன வட்டாரம் இது. இங்கே ஒரு குழந்தைக்குப் பால் ஒவ்வாமை என்று மருத்துவர் சொன்னால், “பால்தானே ஆகாது, நெய் ஊற்றலாமே” என்று வீட்டில் யாராவது சொல்லத்தான் செய்வார்கள். அந்த யோசனை இரண்டு வேறு கோளாறுகளை ஒன்றாக்கிவிடுகிறது. பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை செரிக்காமல் வயிறு உப்பிப் பேதியாவது ஒன்று. அந்தக் கோளாறு உள்ளவர்களில் பலருக்கு நெய்யால் தொல்லையில்லை. ஒவ்வாமை அப்படியல்ல. கேசின், பீட்டா லாக்டோகுளோபுலின் போன்ற பால் புரதங்களை உடலின் எதிர்ப்பாற்றல் பகையாக எடுத்துக்கொள்வதுதான் ஒவ்வாமை. தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல், சில வேளை உயிராபத்து வரை போகும். வெண்ணெயில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு, 16 சதவீதம் வரை நீர், மிச்சத்தில் இந்தப் புரதங்கள். நெய்யாக உருக்கும்போது பெரும்பகுதி கசண்டோடு போனாலும் சுவடு தங்கிவிடும், சில குழந்தைகளுக்கு அந்தச் சுவடே போதும். ஆட்டுப்பால் வெண்ணெயும் வழியல்ல. மாடு, எருமை, ஆடு மூன்றின் பால் புரதங்களும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானவை என்பதால் பசும்பால் ஆகாதவர்களில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஆகாது.

ஆகவே மாற்றுத் தேடும் வீட்டார் ருசியையோ பெயரையோ பார்ப்பதற்குமுன் புரதம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கடையில் முதலில் கண்ணில் படுவது மார்ஜரின். 1869இல் பிரான்சில் மெஜ் மூரியே அதை உருவாக்கியபோது நோக்கம் மலிவான வெண்ணெய்தான். மாட்டுக் கொழுப்போடு பாலையும் சேர்த்தே செய்தார். இன்றும் பல மார்ஜரின்களில் பால் திடப்பொருள் உண்டு. பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டுமே சொல்லும், பாலைப் பற்றி எதுவும் சொல்லாது. ‘நான்-டெய்ரி’ என்று அச்சிட்ட கிரீம்களிலும் சோடியம் கேசினேட் இருப்பதுண்டு. அது பால் புரதமேதான். வனஸ்பதியில் வேறொரு வினோதம். அதை நெய்யில் கலப்படம் செய்தால் பிடித்துவிட, வனஸ்பதியில் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள், சோதனையில் நல்லெண்ணெய் சிவந்து காட்டிக்கொடுக்கும் என்பதற்காக. கலப்படத்துக்கு வைத்த பொறி எள் ஒவ்வாமைக்காரருக்கும் பொறியானது. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு உணவு லேபிள் விதிகள் தனியே சொல்லச் சொல்லும் ஒவ்வாமைப் பொருள்களில் பால், முட்டை, நிலக்கடலை, சோயா எல்லாம் உண்டு, எள் இல்லை. அமெரிக்கா 2023 முதல் அதைக் கட்டாயமாக்கிவிட்டது.

அப்படியானால் வெண்ணெய் இடத்தில் எதை வைப்பது? அது செய்யும் வேலைகளைப் பிரித்துப் பார்த்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். முறுக்கிலும் தட்டுவடையிலும் அதன் வேலை மாவுத் துகள்களைப் பூசி, அவை இறுகாமல் நொறுங்க வைப்பது. காய்ந்த எண்ணெயை மாவில் ஊற்றிப் பிசைந்தால் அந்த வேலை நடந்துவிடும். பல வீடுகளில் அதுதான் வழக்கம். கேக் அப்படியல்ல. சர்க்கரையோடு அடிக்கும்போது காற்றைப் பிடித்துவைக்கக் கெட்டியான கொழுப்பு வேண்டும், அதற்குத் தேங்காய் எண்ணெய்தான் அருகில் வரும். ஆனால் வெண்ணெய் படிப்படியாக இளகுவது. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியில் சட்டென உருகிவிடும். மார்கழிக் காலையில் டப்பாவில் உறைந்திருப்பது சித்திரை வெயிலில் தண்ணீராய் நிற்கும். சேலத்தில் கோடையில் கேக் செய்பவர் அதைக் குளிர்பெட்டியில் வைத்து இறுக்கியே அடிக்க வேண்டும். வெண்ணெயில் நீரும் உண்டு என்பதால் 100 கிராமுக்கு 80 கிராம் எண்ணெயும் மூன்று தேக்கரண்டி நீரும் என்று கணக்கிடுவது சரி. மணம்தான் கடினம். நெய்வாசம், பால் திடப்பொருள் சூட்டில் சிவக்கும்போது பிறப்பது. சுத்தமான எண்ணெயில் சிவக்க எதுவுமில்லை. தேங்காய்ப்பாலை வற்றக் காய்ச்சி எண்ணெய் பிரிய விட்டால் அடியில் தங்கும் சக்கை சிவந்து மணக்கும். நெய்வாசமல்ல, ஆனாலும் இனிப்புப் பலகாரத்துக்கு நன்றாகவே பொருந்தும்.

“செக்கில் ஆட்டியதை வாங்கிவிட்டால் கவலையில்லை” என்ற பேச்சை இந்தப் பக்கம் அடிக்கடி கேட்கலாம். பரமத்தி வேலூர் தேங்காய்ப் பருப்பு ஏலம் நடக்கிற ஊர், கடலையும் எள்ளும் விளைகிற மண். செக்கெண்ணெய் மீது நம்பிக்கை இருப்பதில் வியப்பில்லை. ஒவ்வாமைக் கணக்கில் மட்டும் அந்த நம்பிக்கை தலைகீழாகிறது. ஆலையில் நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் கிட்டத்தட்ட இருப்பதில்லை. செக்கெண்ணெயில் சூடும் ரசாயனமும் படாததால் கடலைப் புரதமும் அதில் தங்கிவிடுகிறது. இன்னொன்று, பெரும்பாலான செக்குகளில் காலையில் கடலை, பிறகு எள், பிறகு தேங்காய் என்று ஒரே உரலில் ஆட்டுவார்கள். பாலோடு கடலையும் ஆகாத பிள்ளைக்கு அந்தத் தேங்காய் எண்ணெயில் கடலை வந்து சேரும். செக்கெண்ணெய் தரமானதுதான், அதை நான் மறுக்கவில்லை. அந்த வீட்டுக்கு வேண்டியது தேங்காய்க்கென்றே தனிச் செக்கு, இல்லாவிட்டால் அடைத்து விற்கும் சுத்திகரித்த எண்ணெய்.

இதய நோய் பற்றிய தடையும் எழும், நியாயமான தடை. வெண்ணெய்க் கொழுப்பில் நிறைகொழுப்பு மூன்றில் இரண்டு பங்கு. தேங்காய் எண்ணெயில் 90 சதவீதத்தை ஒட்டி. பால் இல்லை என்பதற்காகத் தேங்காய் எண்ணெயை எல்லாவற்றிலும் ஊற்றுவதற்கு அது காரணமாகாது. கெட்டிக் கொழுப்பு இல்லாமல் நடக்காத கேக்கிலும் பிஸ்கட்டிலும் அது போகட்டும்; தோசைக் கல்லுக்கும் பொங்கலுக்கும் கடலையோ எள்ளோ ஒத்துக்கொள்கிற வீட்டில் அந்த எண்ணெய், ஒத்துக்கொள்ளாத வீட்டில் சூரியகாந்தி.