கைப்பேசியில் காணாமல் போன கட்டம்

எஸ்.பி.எம். தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில்தான் நான் சிஎஸ்எஸ் கற்கத் தொடங்கினேன். பிரிஞ்சாங்கில் எனக்கு அதற்கென்று ஆசிரியர் யாரும் கிடைக்கவில்லை. அண்ணன் விட்டுச் சென்ற பழைய மடிக்கணினியும் கைப்பேசியிலிருந்து பகிர்ந்த இணையமும்தான் என் வகுப்பறை.

எங்கள் குடியிருப்பில் இளைஞர்கள் சிலர் சேர்ந்து, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் இலவசமாகக் கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுக்கிறோம். வகுப்பு அட்டவணையை ஓர் இணையப் பக்கமாகச் செய்து தருகிறேன் என்று நானே முன்வந்தேன். நாள், பாடம், நேரம், இடம் என நான்கு கட்டங்கள். மடிக்கணினியில் பார்த்தபோது அச்சடித்ததுபோல் அழகாக இருந்தது. பெருமையோடு வாட்ஸ்அப் குழுவில் இணைப்பை அனுப்பினேன்.

மறுவாரம் புதன்கிழமை வகுப்பை வழக்கமான மண்டபத்திலிருந்து ஒரு நண்பரின் வீட்டிற்கு மாற்ற வேண்டியிருந்தது. பக்கத்தில் இடத்தைத் திருத்திவிட்டு நிம்மதியாக இருந்தேன். அன்று மாலை நல்ல மழை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் மழையோடு குளிரும் சேர்ந்து வரும். படிவம் ஒன்றில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், பூட்டிக் கிடந்த மண்டபத்தின் வாசலில் ஒரு மணி நேரத்திற்கும் மேலாக நின்றிருக்கிறார்கள். வேலை முடிந்து வந்த ஒரு பிள்ளையின் அம்மாதான் தேடிக் கண்டுபிடித்தார்.

அவர் என்னைத் திட்டவில்லை. “தம்பி, போனைப் பாத்துட்டுத்தான் போனாங்க. எடம் மாறுச்சின்னு இதுல ஒண்ணும் இல்லையேப்பா” என்று தன் கைப்பேசியை நீட்டினார். பார்த்தேன். நாள், பாடம், நேரம் ஆகிய மூன்று கட்டங்கள் மட்டுமே இருந்தன. நான்காவது கட்டம் இருந்ததற்கான அடையாளமே இல்லை.

அன்றிரவு முழுவதும் தேடிக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு கட்டத்திற்கும் 120 பிக்சல் அகலம் என்று நான் எழுதியிருந்தேன். நான்கு கட்டங்களுக்கு 480 பிக்சல். அந்த அம்மாவின் கைப்பேசித் திரை 360 பிக்சல் அகலம். மூன்று கட்டங்கள் கச்சிதமாக அடங்கின. நான்காவது வெளியே போய்விட்டது.

சாதாரணமாக இப்படி நடந்தால் திரையைப் பக்கவாட்டில் தள்ளியாவது பார்க்கலாம். அதையும் நான் கெடுத்து வைத்திருந்தேன். பக்கத்தைச் செய்தபோது, சாளரத்தைச் சுருக்கினால் அட்டவணை பெட்டியை விட்டு நீட்டிக்கொண்டு நின்றது. பார்க்க நன்றாக இல்லையே என்று, எங்கோ படித்த ‘ஓவர்ஃப்ளோ ஹிடன்’ என்ற வரியைச் சேர்த்தேன். பெட்டிக்கு வெளியே போவதை மறைத்துவிடு என்பது அதன் பொருள். நீட்டிக்கொண்டிருந்தது மறைந்தது. பிழை சரியாகிவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் நான் மறைத்தது பிழையைத்தான்.

அதன்பிறகுதான் அடிப்படையிலிருந்து கற்க ஆரம்பித்தேன். சிஎஸ்எஸ்ஸில் பக்கத்திலுள்ள ஒவ்வொன்றும் ஒரு பெட்டி. நடுவில் உள்ளடக்கம், அதைச் சுற்றி ‘பேடிங்’ எனும் உள் இடைவெளி, பிறகு ‘பார்டர்’ எனும் எல்லைக்கோடு, அதற்கும் வெளியே ‘மார்ஜின்’ எனும் வெளி இடைவெளி. நாம் எழுதும் அகலம் வழக்கமாக உள்ளடக்கத்தை மட்டுமே குறிக்கும். 360 பிக்சல் அகலம் கொடுத்து, இருபுறமும் 20 பிக்சல் பேடிங்கும் 2 பிக்சல் எல்லைக்கோடும் சேர்த்தால் பெட்டி 404 பிக்சல் ஆகிவிடும். ‘பாக்ஸ் சைசிங்’ என்ற பண்பிற்கு ‘பார்டர் பாக்ஸ்’ என்று கொடுத்தால், பேடிங்கும் எல்லைக்கோடும் அந்த 360க்குள்ளேயே அடங்கும். இந்த ஒரு கணக்குப் புரியாமல் பல நாள்களை வீணாக்கினேன்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். சிஎஸ்எஸ் முறையை 1994 அக்டோபரில் முன்மொழிந்தவர் நார்வேயைச் சேர்ந்த ஹோகோன் வியூம் லீ. அதன் முதல் பதிப்பு 1996 டிசம்பரில் அதிகாரபூர்வமாக வந்தது. ஆனால் பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து அமைப்பதற்கென்றே உருவான ‘கிரிட்’ முறை, முக்கிய உலாவிகளுக்கு 2017 மார்ச்சில்தான் வரத் தொடங்கியது. அதுவரை அட்டவணைகளையும் வேறு பல உபாயங்களையும் வைத்தே சமாளித்தார்கள். அதனால், நீங்கள் படிக்கும் பாடம் எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள். நான் பின்பற்றியது பழைய பாடம்.

எங்கள் தோட்டத்தில் தேயிலை நிரைகள் நேர்க்கோட்டில் ஓடுவதில்லை. மலைச்சரிவு எப்படி வளைகிறதோ அப்படியே அவையும் வளைந்து போகும். நானோ திரை எப்படி இருந்தாலும் 480தான் என்று அடம்பிடித்திருந்தேன். இப்போது அட்டவணையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வகுப்பையும் தனித்தனி அட்டையாக மாற்றியிருக்கிறேன். ஓர் அட்டைக்குக் குறைந்தது 260 பிக்சல் வேண்டும், இடமிருந்தால் பக்கத்தில் இன்னொன்று வரட்டும், இல்லாவிட்டால் கீழே இறங்கட்டும் என்று கிரிட்டிடம் சொன்னால் போதும். கைப்பேசியில் ஒன்றன்கீழ் ஒன்றாகவும் கணினியில் மூன்று நான்காகவும் அதுவே அடுக்கிக்கொள்கிறது. ஒவ்வோர் அட்டையிலும் முதல் வரி, இடம்.

தமிழில் பக்கம் அமைப்பவர்கள் கூடுதலாக இரண்டைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலப் பாடங்களில் சோதனைக்கு வரும் சொற்கள் பெரும்பாலும் சிறியவை. நம் ‘வெள்ளிக்கிழமை’ அவ்வளவு சிறிய கட்டத்தில் அடங்காது. ‘ஓவர்ஃப்ளோ ராப்’ என்ற பண்பைப் பயன்படுத்தினால் நீளமான சொல் பெட்டியைத் தாண்டாமல் அடுத்த வரிக்கு மடங்கும். அடுத்தது வரி இடைவெளி. நம் எழுத்துகளில் மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரக் குறிகளும் வரும். எழுத்தின் அளவைப்போல் 1.2 மடங்கு இடைவெளி நெருக்கமாக இருந்தது. 1.7 மடங்கு வைத்த பிறகுதான் கண்ணுக்கு இதமானது. கணினியில் தமிழ் எழுத்து வருவதற்கே நம் நாட்டவரான முத்து நெடுமாறன் போன்றவர்கள் 1980களிலிருந்து உழைத்திருக்கிறார்கள். வந்த எழுத்துக்குப் போதிய இடம் கொடுப்பது நம் வேலை.

சொந்தமாகக் கற்க விரும்பும் மாணவர்களுக்கு என் அனுபவத்தில் சில யோசனைகள். மொசில்லாவின் எம்டிஎன் தளத்திலும் ஃபிரீகோட்கேம்ப் தளத்திலும் பாடங்கள் இலவசம். கணினி உலாவியில் எஃப்12 விசையை அழுத்தினால், எந்தப் பக்கத்தின் பெட்டிகளையும் பிரித்துப் பார்க்கலாம். குழப்பம் வந்தால் எல்லாப் பெட்டிகளுக்கும் தற்காலிகமாகச் சிவப்புக் கோடு போடுங்கள். எது எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று உடனே தெரியும். ஒரு வரியைச் சேர்க்கும்முன் அது என்ன செய்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

பக்கத்தைத் திருத்திய பிறகு அந்த அம்மாவின் வீட்டிற்குப் போய், அதே கைப்பேசியில் திறந்து காட்டச் சொன்னேன். அந்தப் பிள்ளைதான் திறந்தான். இடம் முதல் வரியிலேயே இருந்தது. “அடுத்த வாரம் எங்கேண்ணே?” என்று கேட்கவில்லை. படித்துவிட்டு, விளையாடப் போய்விட்டான்.

இப்போதெல்லாம் எந்தப் பக்கத்தைச் செய்தாலும், அனுப்பும்முன் வீட்டிலுள்ள ஆகப் பழைய கைப்பேசியில் ஒருமுறை திறந்து பார்க்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.