எதிரணி இல்லாத கல்லூரிகள்

யாழ்ப்பாணத்தில் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் ஒரு கிரிக்கெட் ஆட்டம் நடக்கிறது. ஒரு பக்கம் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, மறுபக்கம் சுண்டிக்குளியில் உள்ள பரி. யோவான் கல்லூரி. இரண்டும் பள்ளிக்கூடங்கள்தாம், அங்கே பழைய பெரிய பள்ளிகளைக் கல்லூரி என்றே சொல்வார்கள். 1904-இல் தொடங்கிய இந்த ஆட்டத்தை 'வடக்கின் பெரும் போர்' என்று ஊர் அழைக்கிறது. ஆடுகிறவர்கள் பத்தொன்பது வயதைத் தாண்டாத பையன்கள். வென்றவர்கள் இதைக்கொண்டு வேறெந்தச் சுற்றுக்கும் முன்னேறப் போவதில்லை. ஆனாலும் கோட்டைக்கு அருகிலுள்ள மத்திய கல்லூரி மைதானம் அந்த நாட்களில் நிரம்பி வழிகிறது. லண்டனிலும் டொராண்டோவிலும் குடியேறிவிட்ட பழைய மாணவர்கள் விடுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்து சேர்கிறார்கள். உள்நாட்டுப் போரின் நடுவே சில ஆண்டுகள் தடைபட்டது என்றாலும், ஆட்டம் அற்றுப்போகவில்லை. நூறாவது ஆட்டத்தையும் எப்போதோ தாண்டிவிட்டது.

செட்டிநாட்டுக் கல்லூரிகளில் இப்படி ஓர் ஆட்டம் ஏன் இல்லை என்று கேட்டால், வசதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947-இல் காரைக்குடியில் தொடங்கிய கலைக்கல்லூரி இன்று முக்கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. 1952-இல் பொறியியல் கல்லூரி வந்தது. மின்வேதியியல் ஆய்வகத்துக்காக அவர் கொடுத்தது மட்டும் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். அழகப்பா பல்கலைக்கழகம் 1985-இல் உருவானது. உடற்கல்விக்கென்றே தனிக் கல்லூரி அதன் வளாகத்தில் இருக்கிறது. மைதானம் உண்டு, பயிற்சியாளர் உண்டு, அணியும் உண்டு. இல்லாதது ஒன்றுதான்: ஆண்டுதோறும் அதே நாளில் எதிரே வந்து நிற்கும் ஓர் எதிரணி. ஒரு சிறிய கல்லூரியின் அணிக்கு உயிர் கொடுப்பது அதன் வெற்றிகள் அல்ல, நிலையான எதிரணிதான் என்பது என் துணிபு. இதற்கு மிக வலுவான சான்று நமக்குச் சற்றும் பழக்கமில்லாத ஓர் ஆட்டத்திலிருந்து கிடைக்கிறது.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு மலைமேல் சுவானி என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகம் அன்றும் இன்றும் சிறியது. இப்போதுகூட இரண்டாயிரம் மாணவர்கள் இல்லை. நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, எதிராளிகள் மறித்துத் தள்ள, முட்டி மோதி எல்லைக்கோட்டைக் கடக்கும் அமெரிக்கக் கால்பந்தை அவர்கள் 1891 முதல் ஆடுகிறார்கள். 1899-இல் அந்த அணி செய்ததை இன்றைக்கும் அந்நாட்டில் வியந்து பேசுகிறார்கள். நவம்பர் 9-ஆம் தேதி ஆஸ்டின் நகரில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தை வென்றார்கள். மறுநாள் ஹூஸ்டனில் டெக்சஸ் ஏ அண்ட் எம், அதற்கு மறுநாள் நியூ ஆர்லியன்ஸில் டுலேன். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. 13-ஆம் தேதி லூசியானா, 14-ஆம் தேதி மெம்ஃபிஸில் மிசிசிப்பி. ஆறு நாளில் ஐந்து ஆட்டம், ஐந்திலும் வெற்றி, எதிரணிகள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ரயிலில் ஏறி இறங்கி அவர்கள் கடந்த தொலைவு போகவரச் சுமார் 4,000 கிலோமீட்டர். அந்தப் பருவத்தின் பன்னிரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து அவர்கள் எடுத்த புள்ளிகள் 322. விட்டுக்கொடுத்தது வெறும் 10.

இந்தப் பயணம் எதனால் நேர்ந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. சுவானியின் பரம்பரை எதிரணி நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம். நுழைவுச்சீட்டு வசூலைப் பங்கிடுவதில் இரு தரப்புக்கும் தகராறு வந்து அந்த ஆண்டு ஆட்டம் நின்றுபோனது. ஆண்டுக்கு ஒருமுறை நல்ல வசூல் தந்த ஆட்டம் கைவிட்டுப்போனதால் அணிக்குப் பணமுடை. அதை ஈடுகட்ட லூக் லீ என்ற மாணவ மேலாளர் போட்ட திட்டம்தான் அந்த ஆறு நாள் பயணம். அவர் பிற்காலத்தில் அமெரிக்க செனட் உறுப்பினரானவர். நிலையான ஓர் எதிரணியை இழந்ததை ஈடுசெய்ய ஐந்து அணிகளைத் தேடி நாட்டின் பாதியைச் சுற்ற வேண்டியிருந்தது. சாதனை வரலாற்றில் நின்றது என்றாலும், அப்படி ஒரு பயணத்தை ஆண்டுதோறும் செய்ய எந்தக் கல்லூரியாலும் முடியாது.

அதற்குப் பிந்தைய கதை இன்னும் முக்கியமானது. தென்கிழக்கு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் 1932-இல் ஒரு கூட்டமைப்பு அமைத்தபோது பழைய புகழை நம்பி சுவானியும் அதில் சேர்ந்தது. எட்டுப் பருவங்கள் ஆடியும் கூட்டமைப்புக்குள் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்ல முடியவில்லை. 1940-இல் அதிலிருந்து விலகியது. அன்றைய துணைவேந்தர் அலெக்சாண்டர் கெர்ரி எடுத்த முடிவு அது. விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுத்து ஆட்களைச் சேர்க்கும் வழக்கத்தையும் பல்கலைக்கழகம் கைவிட்டது. வெற்றிதான் ஓர் அணியின் உயிர் என்றால் சுவானி அணி அன்றே முடிந்திருக்க வேண்டும். இன்று அது உதவித்தொகை தராத மூன்றாம் பிரிவில் தன்னளவுள்ள கல்லூரிகளோடு ஆடுகிறது. சனிக்கிழமை ஆட்டமென்றால் ஊதா நிறக் கொடியோடு மாணவர் கூட்டம் திரள்கிறது. தன் அளவுக்கேற்ற எதிரணிகளைக் கண்டுகொண்டதால் அணி பிழைத்தது.

இதே மூன்றாம் பிரிவில் இந்தியானா மாநிலத்து வாபாஷ், டிபா என்ற இரண்டு சிறு கல்லூரிகள் 1890 முதல் மோதிவருகின்றன. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர்கூட இருக்காது. அந்த வழியாக ஓடிய மோனன் ரயில் நிறுவனம் எஞ்சின் மணி ஒன்றைக் கொடுக்க, 1932 முதல் வென்ற கல்லூரிக்கு அந்த மணி போகிறது. எடை சுமார் 136 கிலோ. அதைத் தோற்றவர்கள் இரவோடு இரவாகத் திருடிக்கொண்டு போவதும், மீட்டு வருவதும்கூட அந்த மரபின் பகுதியாகிவிட்டது. வாபாஷ் கல்லூரியில் மொத்தமே ஆயிரத்துக்கும் குறைவான மாணவர்கள்தான். ஆனாலும் ஆட்டத்தன்று வெவ்வேறு ஊர்களில் பழைய மாணவர்கள் கூடி உட்கார்ந்து ஒளிபரப்பைப் பார்க்கிறார்கள். பணம் போட்டு ஒரே பருவத்தில் இந்தப் பற்றை உண்டாக்கிவிட முடியாது. இந்தியாவில் அமெரிக்கக் கால்பந்துக்கு 2012-இல் ஒரு தொழில்முறைப் போட்டி தொடங்கினார்கள். நகரங்களின் பெயரில் அணிகள் இருந்தன. ஆட்டங்களோ புணேயில் ஆடித் தொலைக்காட்சிக்காகப் பதிவு செய்யப்பட்டவை. சொந்த ஊரில் ஆடாத அணிக்கு ஊர் எங்கிருந்து திரளும்?

சென்னையிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. பொங்கலை ஒட்டி சேப்பாக்கத்தில் ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் ஆடிய மாகாண ஆட்டம் பல ஆண்டுகள் நகரத்தின் பெரிய கிரிக்கெட் நிகழ்ச்சியாக இருந்தது. 1952-க்குப் பிறகு அது இல்லை. ஆட்டத்துக்கு ரசிகர்கள் குறைந்தா நின்றது? சேப்பாக்கத்தில் கூட்டத்துக்கு எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை. ஒரு தரப்பு நாட்டைவிட்டே போய்விட்டது, அவ்வளவுதான்.

இப்போது நம் பல்கலைக்கழக விளையாட்டு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. கல்லூரிகளுக்கிடையே போட்டி நடத்தி, அதிலிருந்து ஆட்களைப் பொறுக்கி, பல்கலைக்கழக அணி என்று ஒன்றைத் தயாரிக்கிறார்கள். அந்த அணி தெற்கு மண்டலப் போட்டி எந்தப் பல்கலைக்கழகத்தில் நடக்கிறதோ அங்கே ரயிலேறிப் போகிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் வகுத்துள்ள முறை இது. நாடு முழுவதற்கும் பொருந்தும். திறமையைச் சலித்தெடுக்க இதைவிட நல்ல வழி இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் அணியில் இருப்பவரைத் தவிர வளாகத்தில் வேறு யாருக்கும் அந்த ஆட்டம் கண்ணில் படுவதில்லை. மாணவர் வகுப்புக்கு வராமலிருக்க ஓ.டி. அனுமதி வாங்கிக்கொண்டு போனார், வந்தார் என்பதோடு முடிந்தது. முதல் சுற்றில் தோற்றால் மறுநாளே திரும்பு ரயில். அடுத்த ஆண்டு ஊர் வேறு, எதிரணி வேறு, நம் அணியிலும் பாதிப்பேர் வேறு. நினைவு தங்குவதற்கு இடமே இல்லாத ஏற்பாடு இது. பட்டியலில் புள்ளி கூடும், சான்றிதழ் கிடைக்கும், வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அது உதவும். இவை எல்லாம் தேவைதான். ஆனால் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு இந்தக் கல்லூரி என்னுடையது என்ற உணர்வை இவற்றில் எதுவும் தருவதில்லை.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளில் கனமானது வன்முறை பற்றியது. கல்லூரிக்கும் கல்லூரிக்கும் போட்டியைத் தூண்டிவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சென்னை பார்த்திருக்கிறது. பேருந்து தினக் கொண்டாட்டம், பேருந்துத் தடத்துக்கொரு மாணவர் தலைவரான 'ரூட்டு தல' என்று மாணவர் கூட்டங்கள் ரயில் நிலையத்திலும் பேருந்திலும் மோதிக்கொண்டதில் ரத்தம் சிந்தியிருக்கிறது, உயிரும் போயிருக்கிறது. நீதிமன்றம் தடை போட்ட பிறகும் அது ஓயவில்லை. தென்மாவட்டங்களில் சாதிப் பகை வேறு காத்துக்கொண்டிருக்கிறது. இந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் சென்னை மாணவர்களுக்குக் கல்லூரிப் பற்று இருந்தது, அதைக் காட்ட மைதானமும் நடுவரும் விதியும் இல்லை. அதனால் அது தெருவுக்கு வந்தது என்றே நான் வாசிக்கிறேன். அமெரிக்கக் கால்பந்தும் ஒருகாலத்தில் கொலைக்களமாகத்தான் இருந்தது. 1905 பருவத்தில் மட்டும் 18 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகத்தாரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மறு ஆண்டு விதிகள் மாறின, பந்தை முன்னோக்கி எறிவது அனுமதிக்கப்பட்டது, கல்லூரி விளையாட்டுகளை மேற்பார்க்க ஓர் அமைப்பு பிறந்தது. ஆட்டத்தை ஒழிக்காமல் விதியை இறுக்கினார்கள். நாம் மோதித் தள்ளும் ஆட்டத்தை இறக்குமதி செய்யவும் வேண்டாம். கைப்பந்தும் ஹாக்கியும் கபடியும் போதும்.

படிப்பு கெடும் என்பது இன்னொரு மறுப்பு. சிகாகோ பல்கலைக்கழகம் அப்படி நினைத்துத்தான் 1939-இல் தன் புகழ்பெற்ற கால்பந்து அணியைக் கலைத்தது. அந்த மைதானத்தின் பார்வையாளர் மாடத்துக்குக் கீழேதான் 1942-இல் உலகின் முதல் கட்டுப்படுத்திய அணுக்கருத் தொடர்வினை நிகழ்ந்தது என்பதால், எடுத்த முடிவு சரிதான் என்று சொல்லிக்கொள்ளவும் முடிந்தது. ஆனால் அதே பல்கலைக்கழகம் 1969-இல் அணியைத் திரும்பக் கொண்டுவந்தது, சிறிய அளவில், மூன்றாம் பிரிவுக்குரிய அடக்கத்தோடு. ஆண்டுக்கு ஒரு நாள் ஆட்டத்தால் எந்தப் படிப்பும் கெடாது. பருவமுறைத் தேர்வுகளுக்கு நடுவே மூன்றாண்டு படிக்கும் ஒரு மாணவருக்கு அந்த நாள் மூன்றே முறைதான் வரும்.

யாழ்ப்பாணத்து மரபை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அது ஆண் பிள்ளைகளின் ஆட்டம். நம் கல்லூரிகளில் பெண்கள் பெருந்தொகையாகப் படிக்கிறார்கள். அவர்களைக் கைதட்ட மட்டும் உட்காரவைக்கும் மரபை இனிமேல் தொடங்குவது அநியாயம். ஒரே நாளில் ஒரே மைதானத்தில் பெண்கள் அணிக்கு ஓர் ஆட்டம், ஆண்கள் அணிக்கு ஓர் ஆட்டம், இரண்டின் முடிவையும் சேர்த்து ஒரே கோப்பை என்று வைத்தால் போதும். நாளைக் குறித்து அதை மாற்றாமல் காப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. சிராவயலில் மஞ்சுவிரட்டு தை மூன்றாம் நாள் என்றால் அது தை மூன்றுதான். அழைப்பிதழ் வராவிட்டாலும் சிங்கப்பூரில் இருப்பவருக்கும் அந்தத் தேதி தெரியும்.

காரைக்குடி அழகப்பா அரசு கலைக்கல்லூரியும் சிவகங்கை மன்னர் துரைசிங்கம் அரசு கலைக்கல்லூரியும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ், ஒரே மாவட்டத்தில், ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கின்றன. ஓராண்டு இங்கே, மறு ஆண்டு அங்கே என்று மாற்றி மாற்றி ஆடலாம். இதற்குப் புதிய நிதி ஒதுக்கீடோ அரசாணையோ தேவையில்லை. இரண்டு முதல்வர்களும் இரண்டு உடற்கல்வி இயக்குநர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரு சனிக்கிழமையைக் குறிக்க வேண்டும். மழை முடிந்து, தேர்வு தொடங்காத மாசி மாதம் இதற்குத் தோதானது. கோப்பையின் பொறுப்பைப் பழைய மாணவர் சங்கங்கள் ஏற்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் கட்டடத்துக்குக் கொடுக்கும் நன்கொடையில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். முதல் சில ஆண்டுகள் கூட்டம் குறைவாகத்தான் வரும், அதற்காகத் தேதியை மாற்றிவிடாதீர்கள்.